வாசகர் கேள்வி-பதில்: திரும்பிப் போய்விடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஊர் மாறிப் போய்த் தவிக்கும் ஒரு பெண், போய்த் திரும்பிவந்த ஒருவர், திரும்பி வரவா என்று கேட்கும் மகனைப் பெற்ற ஒருவர். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முதல் கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 38. ஒன்பது மாதத்துக்கு முன் குடும்பத்தோடு வெகு தொலைவில் வேறொரு பிரதேசத்துக்குக் குடிவந்தோம். மொழி வேறு, பருவநிலை வேறு, ஆட்கள் வேறு. கணவருக்கு நல்ல வேலை கிடைத்தது. அவர் தயங்கியபோது "போகலாம், பிள்ளைகளுக்கு நல்லது" என்று பிடிவாதமாக நின்றது நான்தான். என் அலுவலக வேலையை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கிறேன். கணவர் இங்கே பழகிவிட்டார். 13 வயது மகனுக்கு நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். 7 வயது மகள் மட்டும் ராத்திரியில் "நம்ம வீட்டுக்கு எப்பம்மா போவோம்?" என்று கேட்கிறாள். எனக்குச் சாயங்காலம் ஆனாலே நெஞ்சை அடைக்கிறது. வெளியே கேட்கக் கூடாதென்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். வந்த அன்று ஓரமாக அடுக்கிய மூன்று அட்டைப்பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. நானே எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, நானே திரும்பிப் போகலாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? இது தோற்றுப்போய்த் திரும்புவதுதானே?

பதில்: முதலில் அந்தக் குழாயை மூடுங்கள், மகளே. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த வரிதான். ஊர் மாறி வந்தவருக்கு வருத்தம் வருவது இயல்பு. அதை ஒரே கூரையின் கீழ் இருக்கும் கணவரிடம் மறைத்துக்கொண்டே ஒன்பது மாதம் ஓட்டியிருக்கிறீர்களே, அது உங்களை உள்ளுக்குள் அரிக்கிறது. இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அவரிடம் சொல்லுங்கள். "திரும்பிப் போகலாம்" என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். "எனக்கு இங்கே முடியவில்லை, தினமும் அழுகை வருகிறது" என்று சொல்லுங்கள். முதலாவதைச் சொன்னால் அவருக்கு வேலை நினைவுக்கு வரும், சம்பளம் நினைவுக்கு வரும், பேச்சு வாக்குவாதமாகிவிடும். இரண்டாவதைச் சொன்னால் அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

இழுத்துக்கொண்டு வந்தது நான்தானே என்கிறீர்கள். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது. ஒரு ஊரில் சாயங்காலம் எப்படி இருக்கும் என்பது அங்கே போய் இருந்து பார்க்காத யாருக்கும் தெரியாது. அவரும் யோசித்துச் சரி என்று சொல்லித்தானே வண்டி ஏறினார்? அந்தப் பாரம் முழுவதையும் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை.

இது எனக்கு நடந்த கதையும்கூட. 30 வருடங்களுக்கு முன் என் கணவருக்கு இடமாற்றம் வந்து, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போனோம். அந்த ஊரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நாள் முழுக்க ஏதோ அழுத்துவது மாதிரியே இருக்கும். ஒரு கட்டத்தில், மனம் எப்போது எப்போது கனக்கிறது என்று ஒரு பழைய நோட்டில் குறித்துவைக்கத் தொடங்கினேன். கிழமை, மணி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, அவ்வளவுதான். நாலு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் முக்கால்வாசிக் குறிப்புகளில் சாயங்காலம் நாலு மணி என்று எழுதியிருக்கிறேன்.

நாலு மணிக்கு என்ன? பழைய வீட்டில் அது கொடியில் காய்ந்த துணியை எடுக்கும் நேரம். இடுப்பளவு மதில். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா வந்து இரண்டு முழங்கையையும் மதில்மேல் ஊன்றி நிற்பார். நான் துணியை மதில்மேல் போட்டு மடிப்பேன். அவர் பேசிக்கொண்டே என் பிள்ளைகளின் சட்டைக் கையைச் சுருக்கம் போக நீவி நீவி விடுவார். பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது. என்ன பேசினோம் என்று கேட்டால் இன்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. புது ஊரில் மாடி வீடு, கம்பி போட்ட குறுகலான பால்கனி. அங்கேயும் நாலு மணிக்குத் துணி மடித்தேன், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. மாதக்கணக்கில் ஊரை நினைத்து அழுகிறேன் என்றுதான் நம்பினேன். அழுதது அந்த இருபது நிமிடத்துக்காக.

அதனால்தான் உங்களையும் குறித்துவைக்கச் சொல்கிறேன். "சாயங்காலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு? ஞாயிற்றுக்கிழமை கணவரும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கும்போதும் அடைக்கிறதா? வேலை முடிந்து கணினியை மூடும் நேரமா, மகன் விளையாடப் போனபின் வீடு அமைதியாகும் நேரமா? ஒரு குறிப்பிட்ட நேரம்தான் என்றால் அந்த நேரத்துக்கு மருந்து தேடலாம். அந்த ஒரு மணி நேரம் வீட்டுக்குள் இருக்காமல் வெளியே போவது, அந்த நேரத்தில் நடக்கும் மொழி வகுப்பில் சேர்வது, ஊரில் இருக்கும் தோழியோடு தினமும் அதே நேரத்தில் பேசுவது என்று ஏதாவது ஒன்று. அப்படி இல்லாமல் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே இருட்டாக இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால், மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு என்பது நோய். ஊர் திரும்பினால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டால் அது பெட்டியோடு சேர்ந்து கூடவே வந்துவிடும்.

ஒன்பது மாதம் என்று படித்ததும் எனக்கு ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது. நார்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்பவர், அமெரிக்காவுக்குப் படிக்கவும் பணியாற்றவும் போய்வந்த தன் நாட்டவர் 200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி 1955-இல் வெளியிட்டது. ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் நன்றாகவே சமாளித்திருந்தார்கள். 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. ஆறுக்கும் பதினெட்டுக்கும் இடையில் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். புது இடத்தின் பரவசம் தீர்ந்துபோய், பழக்கம் இன்னும் வேர்விடாத காலம். எல்லோருக்கும் இது அப்படியே பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பதினெட்டு மாதம்வரை பொறுத்துப் பார்க்கவில்லை, பதினான்காவது மாதம் பெட்டியைக் கட்டிவிட்டேன். ஆனால் நீங்கள் இப்போது நிற்பது அந்தப் பள்ளத்தின் நடுவில் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

இன்னொன்றும் உங்களுக்குப் பயன்படும். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் இடம் மாறிய பெரியவர்களிடம் கேட்டு 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து ஓரளவு நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி. நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். இதை உங்கள் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரோடு உட்கார்ந்து பேசினால்கூட 50 மணி சேர ஆறு மாதம் ஆகும், 200 மணிக்கு இரண்டு வருடம். உங்கள் மகன் பள்ளியில் நாளைக்கு ஆறேழு மணி நேரம் அதே பிள்ளைகளோடு இருக்கிறான். கணவர் அலுவலகத்தில் பத்துப் பேரோடு இருக்கிறார். நீங்கள் கணினியோடு இருக்கிறீர்கள். அவர்கள் பழகிவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். இந்த ஒன்பது மாதத்தில் வீட்டார் அல்லாத ஒரே ஒருவரோடு மொத்தம் எத்தனை மணி நேரம் பேசியிருப்பீர்கள் என்று கூட்டிப் பார்த்தால் காரணம் அங்கேயே கிடைக்கும்.

சரி, இவ்வளவையும் பார்த்த பிறகும் திரும்ப வேண்டும் என்றே தோன்றினால், திரும்புங்கள். அது தோல்வியில்லை. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ராவென்ஸ்டீன் என்பவர் குடிபெயர்வின் விதிகள் என்று 1885-இல் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் கணக்கெடுப்பை வைத்து அவர் கண்டுகொண்டவற்றில் ஒன்று, ஓர் இடத்தை நோக்கி மக்கள் போகும் ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் எதிர்த்திசையில் ஓர் ஓட்டம் உண்டு என்பது. போகிறவர்கள் இருந்தால் திரும்புகிறவர்களும் இருப்பார்கள். அவர் காலத்திலேயே இது ஊர் உலகத்து வழக்கம். நாலு பேர் பேசுவார்கள், உண்மைதான். "போனோம், எங்களுக்குச் சரிப்படவில்லை, வந்துவிட்டோம்" என்று கேட்ட எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். விளக்கம் நீளநீளத்தான் கேள்வியும் நீளும். என் வீட்டில் ஒரு மாதத்தில் பேச்சு ஓய்ந்தது.

ஆனால் நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது. திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, துணி ஒன்றும் காயாதபோதே மதில் பக்கம் போய் நின்றேன். அந்தப் பக்கம் கொடிக்கயிறே இல்லை. கம்பத்தில் கயிறு கட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. அக்கா இரண்டு மாதத்துக்கு முன்பே மகள் வீட்டோடு போய்விட்டாராம். பதினான்கு மாதமும் என் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன், எல்லோரையும் விசாரித்தேன், அக்காவைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. மதில் அங்கேயே இருப்பது மாதிரி அவரும் இருப்பார் என்று நினைத்துவிட்டேன். அன்று மதில்மேல் கை வைத்தபடி வெகுநேரம் நின்றது இன்றும் நினைவிருக்கிறது. திரும்பி வந்ததற்காக நான் வருந்தவில்லை. அம்மாவின் கடைசி மூன்று வருடமும் பக்கத்திலேயே இருந்தேன், அதற்கு எதுவும் ஈடில்லை. ஆனால் பெட்டி கட்டும்போது என் மனதில் இருந்த காரணம் அம்மா இல்லை, அந்த மதில். அதை யாரிடமும் விசாரிக்காமலேயே வண்டி ஏறினேன்.

ஆகவே, முடிவெடுக்கும் முன் ஒருமுறை ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள். விருந்தாளியாகப் போகாதீர்கள். விருந்தாளிக்கு எல்லா ஊரும் இனிக்கும். கணினியை எடுத்துப் போய் வழக்கமான நேரத்துக்கு வேலை பாருங்கள். அன்றாட அலைச்சல்களை நீங்களே செய்யுங்கள். நீங்கள் நினைத்து ஏங்கும் ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், உங்களுக்கு ஒதுக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை தொடர்பாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவரின் நிறுவனம் குடிபெயர்வுச் செலவைக் கொடுத்திருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கக்கூடும். எடுத்துப் படியுங்கள். அங்கே உங்கள் வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால், காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். பள்ளியாண்டு முடியும் சமயத்தோடு இவை ஒத்துவருகிறதா என்பதுதான் தேதியைத் தீர்மானிக்கும். "நீங்கள் இங்கே இருங்கள், நான் பிள்ளைகளோடு போகிறேன்" என்ற யோசனை எப்படியும் வரும். செய்வதானால் இத்தனை மாதம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுச் செய்யுங்கள். முடிவு தேதி இல்லாமல் பிரிந்து இருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மகனை மறந்துவிடாதீர்கள். இந்த வீட்டில் இரண்டாவது தடவை எல்லாவற்றையும் இழக்கப் போவது அவன்தான். அவனிடம் தனியாகப் பேசுங்கள், தீர்மானித்த பிறகு தகவலாகச் சொல்லாமல், அதற்கு முன்பே. மகளிடம் "சீக்கிரம் போய்விடலாம்" என்று ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள். அவள் நாள் எண்ணத் தொடங்கிவிடுவாள். "உனக்கு நம்ம வீட்டில் எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். சில சமயம் ஒரு குழந்தை கேட்பது அந்த மூன்று பெட்டிக்குள் ஒன்றில் இருக்கும். அவற்றைப் பிரித்துவிடுங்கள். திரும்பிப் போவதானால் மறுபடி கட்ட ஒரு மணி நேரம்தான் ஆகும்.

கடைசியாக ஒரு விஷயம். ஊர் ஏக்கத்துக்கு மருத்துவத்தில் முதன்முதலில் பெயர் வைத்தவர் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர், 1688-இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து படுத்த படுக்கையான ஒரு மாணவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். வீடு போய்ச் சேரும் முன்பே, வழியிலேயே, அவர் தேறத் தொடங்கிவிட்டார். எனக்கும் அதேதான் நடந்தது. திரும்பும் தேதியைக் குறித்த அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்து வந்த ஒரு மாதத்தில்தான் அந்தத் தெருவை நிமிர்ந்து பார்த்தேன், மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களின் பெயரைக் கேட்டேன். போகலாம் என்ற அனுமதி கிடைத்ததுமே பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது. அதனால் நீங்களும் கணவரும் சேர்ந்து ஒரு தேதி வையுங்கள். "இந்தப் பள்ளியாண்டு முடிவில் உட்கார்ந்து பேசுவோம், அப்போதும் உனக்கு முடியவில்லை என்றால் திரும்புவோம்" என்று அவர் வாயால் சொல்லட்டும். அந்த வார்த்தை கிடைத்த பிறகு உங்கள் சாயங்காலம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

கேள்வி: ஆறு வருடம் வெளியே இருந்துவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆசையாகத்தான் வந்தேன். இப்போது இங்கேயும் அந்நியனாக இருக்கிறேன். நண்பர்கள் சிரிக்கும் விஷயம் எனக்குப் புரிவதில்லை. "அங்கே இப்படி இல்லை" என்று நான் ஆரம்பித்தாலே முகம் சுளிக்கிறார்கள். வந்தது தப்போ என்று தோன்றுகிறது.

பதில்: தம்பி, இது திரும்பி வந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வலி. கல்லாஹார்ன் என்ற அமெரிக்கத் தம்பதி 1963-இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். போன இடத்தில் ஒரு பள்ளம் இருப்பதைப் போலவே, திரும்பி வந்த இடத்திலும் இரண்டாவதாக ஒரு பள்ளம் வரும் என்றார்கள். போகும்போது எல்லாமே புதிதாக இருக்கும் என்று தயாராகப் போகிறோம். வரும்போது அப்படித் தயாராக வருவதில்லை, அதனால் விழுந்தால் அடி பலமாகப் படுகிறது.

ஆறு வருடத்தில் நண்பர்கள் நீங்கள் இல்லாமல் சிரித்திருக்கிறார்கள், சண்டை போட்டுச் சமாதானமாகியிருக்கிறார்கள், யாரையாவது இழந்திருக்கிறார்கள். அது எதுவும் உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அங்கே நடந்ததும் அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்ல ஆசைப்படுகிறீர்கள், புரிகிறது. ஆனால் முதலில் கேளுங்கள். "நான் இல்லாதபோது என்ன நடந்தது?" என்று ஒருவரைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், கும்பலாக வேண்டாம். கும்பலில் நீங்கள் எப்போதும் ஆறு வருடம் பின்தங்கியே இருப்பீர்கள். அங்கே இருந்ததைப் பேசாமலும் இருக்க முடியாது, அது உங்கள் வாழ்க்கையில் ஆறு வருடம். அங்கே உங்களோடு இருந்தவர்களில் யாரையாவது வாரம் ஒருமுறை அழைத்து அதைப் பேசுங்கள். அவர்களுக்கும் ஆசையாக இருக்கும். இன்னொரு முடிவை இப்போது எடுக்காதீர்கள். நாலு மாதத்தை வைத்து எடைபோட்டால் நீங்கள் போன ஊரும் தேறியிருக்காது, இல்லையா?

கேள்வி: வெளியூருக்கு வேலைக்குப் போன என் மகன், எட்டு மாதத்தில் "திரும்பி வந்துவிடட்டுமா அப்பா?" என்று போனில் கேட்கிறான். வா என்பதா, பொறு என்பதா?

பதில்: ஐயா, அவன் உங்களிடம் யோசனை கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வந்தால் கதவு திறந்திருக்குமா என்று கேட்கிறான். "எப்போது வேண்டுமானாலும் வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது" என்று முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியமாக "ஆனால்" என்று எதையும் சேர்க்காதீர்கள். பிறகு "அங்கே என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை நீங்கள் பேசாமல் இருங்கள். வேலையிலேயே தொந்தரவா, தங்கும் இடமா, தனிமையா என்பது அப்போதுதான் வெளியே வரும். வேலையில் அவமானமோ உடம்புக்கு முடியாமையோ இருந்தால் பொறு என்று சொல்லவே சொல்லாதீர்கள். தனிமைதான் என்றால் நீங்களே ஒரு வாரம் போய் அவனோடு தங்கிவிட்டு வாருங்கள். இன்று ராத்திரியே கூப்பிடுங்கள், ஐயா. எட்டு மாதம் யோசித்த பிறகுதான் அவன் உங்களிடம் வாய் திறந்திருப்பான்.